ஆடியில் வைக்கும் முட்டை

சென்ற விடுமுறையில் என் மாமா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் சித்தூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் கறிக்கோழி வளர்ப்பவர். ஐயாயிரம் குஞ்சு விடக்கூடிய ஒரே ஒரு செட்டு. அதன்மேல் ஒரு வங்கிக் கடன். இதுதான் அவருடைய சொத்து. "ஏன்டா, திருப்பதியிலே போய்ப் பெரிய கணக்குப் படிப்புப் படிக்கிறாயே, எனக்கு அடுத்த பேட்சு எப்போ வரும்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு, பார்க்கலாம்" என்றார்.

செட்டு காலியாக இருந்தது. தரையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, கடலைத் தோலைப் பரப்பி வைத்து, முப்பத்தைந்து நாள் ஆகிவிட்டிருந்தது. குஞ்சு கொடுக்கும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர், "அடுத்த வாரம்" என்று ஐந்து வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் புள்ளியியல் முதுகலை மாணவன். ஆனாலும் அன்று விடை சொல்ல முடியாமல் விழித்தேன். அந்த விழிப்பின் விளைவே இக்கட்டுரை. குஞ்சு எங்கிருந்து வருகிறது, எப்போது புறப்படுகிறது, அதை யார் எண்ணுகிறார்கள் என்பதை நண்பர்களுடன் சேர்ந்து சற்று ஆராய்வோம்.

பாட்டியின் கரிக்கோடு

எங்கள் குடும்பம் ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சித்தூருக்கு வந்த குடும்பம். சித்தூரும் 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததுதானே! ஆகவே நாங்கள் ஊர் மாறினோமேயன்றிப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பாட்டி வீட்டில் எப்போதும் நாலைந்து நாட்டுக் கோழிகள் இருக்கும். கோழி அடையில் உட்கார்ந்ததும் ஒரு கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, ஒற்றைப்படையாகப் பதினொரு முட்டை வைப்பாள். ஒவ்வொரு முட்டையிலும் அடுப்புக் கரியால் ஒரு கோடு கிழிப்பாள். பிறகு வேறு கோழி வந்து அதே கூடையில் முட்டையிட்டுவிட்டால், கோடில்லாத முட்டையை எடுத்துவிடலாம் அல்லவா? ஒரு வாரம் கழித்து இருட்டறையில் விளக்குக்கு எதிரே முட்டையைப் பிடித்துப் பார்ப்பாள். உள்ளே சிவப்பு நரம்பு ஓடினால் கருமுட்டை. ஒன்றுமே தெரியாவிட்டால் குழம்புக்கு ஆகும். இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்கும். பொரிக்காமல் கெட்டுப்போனது கூமுட்டை.

அடை வைத்த நாள், வைத்த எண்ணிக்கை, இடையில் கழித்தது, பொரித்தது, பாழானது ஆகிய ஐந்தையும் பாட்டி மனத்திலேயே வைத்திருந்தாள். வாரத்துக்குப் பல இலட்சம் முட்டைகளை அடை வைக்கும் இன்றைய பொரிப்பகத்தின் பேரேட்டிலும் அடிப்படையில் இந்த ஐந்து பத்திகள்தாம் உள்ளன.

கோழியில்லாமல் குஞ்சு பொரிக்கும் கலை புதிதன்று. எகிப்து நாட்டில் மண்ணால் கட்டிய சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை வைத்து மனிதரே பொரிக்கச் செய்தனர். பிரெஞ்சு விஞ்ஞானி ரெயோமூர் அந்த முறையை ஆராய்ந்து 1749இல் ஒரு நூலே எழுதினார். அன்று சூளைக்காரன் கண்ணிமையின் மேல் முட்டையை வைத்துச் சூடு பார்த்தான். இன்று வெப்பமானியும் கணிப்பொறியும் பார்க்கின்றன.

இருபத்தொரு நாட்கள்

நம் பகுதியில் இத்தொழில் வேரூன்றியதற்குக் கால்நடை விஞ்ஞானம் ஒரு முக்கியக் காரணம். திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1955இல் தொடங்கியது. கால்நடை மருத்துவரான உப்பலபாடி சுந்தர நாயுடு சித்தூரில் பாலாஜி பொரிப்பகத்தை நிறுவி, இப்பக்கத்து வேளாண் குடும்பங்கள் பலவற்றைக் கோழி வளர்ப்பில் ஈடுபடுத்தினார். 2022இல் அவர் மறைந்தார். தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டையில் 1984இல் தொடங்கிய சுகுணா நிறுவனம், விவசாயியிடம் குஞ்சும் தீவனமும் கொடுத்து வளர்ப்புக் கூலி தரும் ஒப்பந்த முறையைப் பரவலாக்கியது. இன்று சித்தூர், வேலூர், கோலார்ப் பக்கங்களில் காணும் செட்டுகளில் பெரும்பாலானவை இந்த முறையைச் சேர்ந்தவையே.

இனிப் பொரிப்பகத்துக்குள் நுழைவோம். கறிக்கோழிக் குஞ்சின் தாய், தந்தைக் கோழிகள் தனிப் பண்ணைகளில் வளர்கின்றன. தாய்க்கோழி ஏறத்தாழ 25 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி 60 வாரத்துக்கு மேலும் இடும். அந்த முட்டைகளைச் சேர்த்து, குளிர்ந்த அறையில் சில நாட்கள் வைத்திருப்பார்கள். அறையின் வெப்பம் 15 முதல் 18 பாகை வரை இருந்தால் கரு உறங்கிக் கிடக்கும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் நாளுக்கு நாள் பொரிக்கும் திறன் குறையும். குஞ்சுக்குத் தேவை இல்லை என்று முட்டையை மாதக் கணக்கில் பூட்டி வைக்க இயலாது என்பதை இங்கேயே மனத்தில் கொள்க.

பின்னர் முட்டைகள் செட்டர் என்னும் அடை இயந்திரத்துக்குள் போகும். அதில் வெப்பம் 37.5 பாகையை ஒட்டி நிற்க வேண்டும். அரைப் பாகை ஏறி இறங்கினாலும் பொரிக்கும் நாளும் குஞ்சின் வலுவும் மாறிவிடும். ஈரப்பதமும் அளவோடு இருத்தல் அவசியம். பதினெட்டு நாளில் முட்டையின் எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவு நீராவியாகப் போக வேண்டும். போனால்தான் குஞ்சு மூச்சு விடுவதற்கான காற்றறை முட்டையின் அகன்ற முனையில் உண்டாகும். அடைக்கோழி அலகால் முட்டையைப் புரட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இயந்திரமோ மணிக்கு ஒரு முறை முட்டைத் தட்டையே இப்புறமும் அப்புறமும் 45 பாகை சாய்க்கிறது. இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

பதினெட்டாம் நாள் முட்டைகள் ஹேச்சர் என்னும் மற்றோர் இயந்திரத்துக்கு மாறுகின்றன. அங்கே புரட்டல் கிடையாது. இருபத்தோராம் நாள் ஓட்டை உடைத்துக் குஞ்சுகள் வெளிவரும். ஒரே நாளில் வைத்த முட்டைகளாயினும் எல்லாம் ஒரே நொடியில் பொரிப்பதில்லை. முதற் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒரு நாள் இடைவெளிகூட இருக்கும். ஈரம் காய்ந்ததும் குஞ்சுகளைத் தரம் பிரித்து, எண்ணி, மேரக் நோய்த் தடுப்பூசி போட்டு, நூறு நூறாகப் பெட்டியில் அடைத்து வண்டியில் ஏற்றுவர். வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மிச்சம் இருப்பதால் குஞ்சு இரண்டு மூன்று நாள் தாங்கும். எனினும் விரைவில் தண்ணீரும் தீவனமும் கிடைத்த குஞ்சே நன்றாக வளரும்.

எண்ணுதல் என்னும் கலை

பொரிக்குமுன் குஞ்சுகளை எண்ணாதே என்று ஆங்கிலேயரிடம் ஒரு பழமொழி உண்டு. பொரிப்பக மேலாளருக்கு இந்தப் பழமொழி உதவாது. பொரிக்குமுன் எண்ணுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம்!

என் மாமாவின் செட்டையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு 5,000 குஞ்சு வேண்டும். வழியில் சாவதற்கு ஈடாக நூற்றுக்கு இரண்டு கூடுதல் என்றால் 5,100. வைத்த முட்டைகளில் நூற்றுக்கு எண்பது நல்ல குஞ்சாகும் என்று கொண்டால், 6,375 முட்டைகள் அடை வைக்க வேண்டும். ஒரு தாய்க்கோழி வாரத்துக்கு ஐந்து முட்டை தரும் என்றால், ஏறத்தாழ 1,300 தாய்க்கோழிகளின் ஒரு வார உழைப்பு அது. அந்தத் தாய்க்கோழிகளோ குறைந்தது அரை ஆண்டுக்கு முன்பே குஞ்சாக வாங்கி வளர்க்கப்பட்டிருக்க வேண்டும். மாமாவின் செட்டில் இன்று ஒரு குஞ்சு கத்துகிறதென்றால், அதற்கான முடிவை யாரோ ஒருவர் ஏழெட்டு மாதங்களுக்கு முன்பே எடுத்துவிட்டார் என்று பொருள்.

நூற்றுக்கு எண்பது என்றேன். அது நிலையான எண் அன்று. இளந்தாயின் முட்டை சிறிது, குஞ்சும் சிறிது. கிழத்தாயின் முட்டை பெரிது, ஆனால் பொரிப்பது குறைவு. ஆகவே ஒவ்வொரு தாய்க்கோழிக் கூட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் வயதையும் முட்டையின் வயதையும் குறித்து, எத்தனை பொரிக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடுகின்றனர். பத்தாம் நாளில் விளக்கில் பார்த்து, கரு இல்லாதவற்றைக் கழித்து, மதிப்பீட்டைத் திருத்துகின்றனர். இருபத்தோராம் நாளில் பொரியாத முட்டைகளை உடைத்துப் பார்க்கின்றனர். கருவே இல்லையென்றால் சேவலைக் கவனிக்க வேண்டும். முதல் வாரத்தில் கரு இறந்திருந்தால், முட்டை நெடுநாள் காத்திருந்ததோ, வெயிலில் வண்டியில் வந்ததோ என்று ஐயுற வேண்டும். மூக்கால் ஓட்டைக் கொத்தி வெளிவர இயலாமல் இறந்திருந்தால், இயந்திரத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் சோதிக்க வேண்டும். இவ்வாறு பாழான முட்டையும் ஒரு செய்தி சொல்லுகிறது. முட்டையை நாள்தோறும் உடைத்துப் பார்த்துக் கருவின் வளர்ச்சியை எழுதிவைத்த அரிஸ்டாட்டிலும் இதே வழியில்தான் சென்றார்.

இந்த எண், குஞ்சுப் பெட்டியோடு செட்டு வரை வருவது இன்றியமையாதது. ஒரு முறை மாமாவின் செட்டில் முதல் வாரத்திலேயே குஞ்சுகள் பல செத்தன. தொப்புள் ஆறாமல் வீங்கியிருந்தது. "நீங்கள் சூடு சரியாக வைக்கவில்லை" என்றார் வந்தவர். தொப்புள் நோய் பெரும்பாலும் அழுக்கு முட்டையிலிருந்தோ பொரிப்பகத்திலிருந்தோ தொற்றுவது. எந்தத் தாய்க்கூட்டத்து முட்டை, எந்த இயந்திரம் என்று பெட்டியின்மேல் எழுதியிருந்தால், அதே முட்டைகளிலிருந்து குஞ்சு வாங்கிய மற்றவர்களுக்கும் அப்படி நேர்ந்ததா என்று கேட்டறிந்திருக்கலாம். பெட்டியில் எழுத்தே இல்லை. செத்த குஞ்சுகள் மாமாவின் கணக்கில் எழுதப்பட்டன.

ஆடியும் புரட்டாசியும்

இப்போது கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். முட்டை பொரிய 21 நாள். குஞ்சு இரண்டு கிலோவுக்கு மேல் வளர ஏறத்தாழ 42 நாள். ஆக 63 நாள், அதாவது ஒன்பது வாரம். இந்த 63ஐ நம் தமிழ் மாதங்களோடு பொருத்திப் பாருங்கள். ஆடி முதல் தேதியில் அடை வைத்த முட்டை, ஆடி, ஆவணி இரண்டு மாதங்களையும் கடந்து, புரட்டாசி பிறக்கும்போது கறிக்கோழியாக நிற்கும்!

ஆடியில் ஊரெங்கும் கூழ் வார்ப்பும் கிடா வெட்டும் கறி விருந்துமாக இருக்கும். கோழிக்குக் கிராக்கி ஏறும். புரட்டாசியிலோ தமிழ்க் குடும்பங்கள் பல கறியைத் தொடமாட்டா. சனிக்கிழமைதோறும் பெருமாளுக்குத் தளிகை போடுவோர், நடந்தே திருமலைக்கு வருவோர் எத்தனை பேர் என்பதைத் திருப்பதியில் இருக்கும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கோழி விலை உச்சத்தில் இருக்கும் ஆடியில்தான் பொரிப்பகத்தார் முட்டையைக் குறைத்து வைக்க வேண்டும். விலையைப் பார்த்து மயங்கி நிறைய வைத்தால், வாங்க ஆளில்லாத புரட்டாசியில் அத்தனையும் கோழியாகி வந்து நிற்கும். தீபாவளிக் கோழிக்கான முட்டை ஆவணியில் செட்டருக்குள் போயாக வேண்டும். ஆந்திரர் பெரிதாகக் கொண்டாடும் கனுமப் பண்டிகை நம் மாட்டுப் பொங்கல் நாளில் வருகிறது. அதற்கான முட்டையை நவம்பர் நடுவில் வைக்க வேண்டும். அது பெரும்பாலும் தெலுங்கர் கறி ஒழிக்கும் கார்த்திக மாசத்தின் நடுவே விழுகிறது. விருந்துக் காலத்தில் குறைத்தும் விரதக் காலத்தில் கூட்டியும் வைப்பதே இத்தொழிலின் இரகசியம்.

எல்லாரும் இன்றைய விலையைப் பார்த்தே முட்டை வைத்தால் என்ன ஆகும்? விலை ஏறினால் எல்லாரும் கூட்டுவர். ஒன்பது வாரத்தில் கோழி குவிந்து விலை விழும். விழுந்ததும் எல்லாரும் குறைப்பர். மறுபடி ஒன்பது வாரத்தில் தட்டுப்பாடு வந்து விலை ஏறும். ஜெர்மனியில் பன்றி விலையில் இப்படிப்பட்ட ஊசலாட்டத்தை ஆர்தர் ஹனாவ் 1928இல் எடுத்துக்காட்டினார். பொருளியலார் இதற்குச் 'சிலந்தி வலைத் தேற்றம்' என்று பெயரிட்டனர். படம் போட்டால் விலைக்கோடு சிலந்தி வலைபோல் சுற்றிச் சுற்றி வரும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2020 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், கோழிக்கறியால் கொரோனா நோய் பரவும் என்ற பொய்ச் செய்தி நாடெங்கும் பரவியது. விலை அடிமட்டத்துக்குப் போயிற்று. வளர்ப்போர் குஞ்சு எடுக்க அஞ்சினர். ஆனால் செட்டருக்குள் இருக்கும் முட்டைக்கு அது தெரியுமா? அது இருபத்தோராம் நாள் பொரித்தே தீரும். பல மாநிலங்களில் முட்டைகளையும் குஞ்சுகளையும் அழித்த செய்திகளை நாம் படித்தோம். மார்ச்சில் வைக்காத முட்டைகள்தாம் மே மாதத்தில் இல்லாத கோழிகள். மக்களின் அச்சம் தெளிந்து கடைக்கு வந்தபோது கோழி இல்லை. விலை தாவி ஏறியது. 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் கண்டபோதும், நெடுந்தொலைவில் இருந்த ஊர்களில்கூட மக்கள் கோழி வாங்கத் தயங்கினர்.

கணக்கு யாருக்கு?

அமெரிக்க வேளாண்மைத் துறை ஒவ்வொரு வாரமும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. முக்கிய மாநிலங்களில் அந்த வாரம் எத்தனை கறிக்கோழி முட்டை அடை வைக்கப்பட்டது, எத்தனை குஞ்சு செட்டுகளுக்குப் போயிற்று என்ற இரண்டு எண்களே அதன் சாரம். வாரத்துக்கு 20 கோடிக்கு மேற்பட்ட முட்டைகளின் கணக்கு அது. எந்த நிறுவனத்தின் இரகசியமும் அதில் வெளிப்படுவதில்லை; மொத்தம் மட்டுமே உண்டு. ஆனால் அதைப் படிக்கும் எந்தக் குடியானவனும் ஒன்பது வாரத்துக்குப் பிறகு சந்தையில் எத்தனை கோழி இருக்கும் என்று ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

நம் நாட்டிலும் கணக்குகள் உண்டு. 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 85 கோடிக்கு மேற்பட்ட கோழியினப் பறவைகள்; முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 12 கோடி; இரண்டாமிடம் ஆந்திரத்துக்கு, ஏறத்தாழ 10 கோடியே 79 இலட்சம். ஆனால் பல ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுக்கும் கணக்கு, 42 நாளில் வளர்ந்து போகும் கோழிக்கு எப்படிப் பொருந்தும்? பல்லடத்தில் நாள்தோறும் பண்ணை விலை அறிவிக்கிறார்கள். அது இன்றைய நிலையைக் காட்டும் கண்ணாடி. நாளை வருவது அதில் தெரியாது. நாளை வருவது செட்டருக்குள் இருக்கிறது.

நிறுவனங்களிடம் இந்தக் கணக்கு இல்லாமல் இல்லை. மாமாவின் செட்டில் தினமும் செத்தது எத்தனை, தின்ற தீவனம் எத்தனை மூட்டை, எடை எவ்வளவு என்பதை மேற்பார்வையாளர் கைப்பேசியில் பதிந்துகொண்டு போகிறார். தகவல் மேலே போகிறது. கீழே மட்டும் வருவதில்லை. சந்தை மந்தமாக இருந்தால் நிறுவனம் முட்டையைக் குறைத்து வைத்துத் தன் நட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதில் தவறில்லை. ஆனால் அவ்வாறு குறைத்த நாளிலேயே, மூன்று வாரம் கழித்து எத்தனை செட்டுகள் காலியாக நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. செட்டுக்காரருக்குத்தான் தெரிவதில்லை.

தெரிந்தால் என்ன பயன் என்று கேட்கலாம். சிறு கணக்குப் போடுவோம். 42 நாள் வளர்ப்பு, 14 நாள் சுத்தம் என்றால் ஆண்டுக்கு ஆறு பேட்சு எடுக்கலாம். இடைவெளி 35 நாளானால் ஐந்துகூட முழுதாகத் தேறாது. வங்கித் தவணையோ பன்னிரண்டு மாதமும் உண்டு. மூன்று வாரத்துக்கு முன்பே தெரிந்திருந்தால், மாமா கடலைத் தோலை முன்கூட்டியே வாங்கிப் பணத்தை முடக்கியிருக்க மாட்டார். அந்த ஐந்து வாரம் வேறு வேலைக்குப் போயிருப்பார். வங்கியிடம் நேரே சென்று தவணையைத் தள்ளிக் கேட்டிருப்பார். 'அடுத்த வாரம்' என்ற சொல்லை நம்பித் திண்ணையில் உட்கார்ந்திருந்ததுதான் அவருக்கு நட்டம்.

மாமாவின் கேள்விக்கு இப்போது எனக்கு விடை தெரியும். "மாமா, இருபத்தொரு நாளைக்கு முன்னால் எத்தனை முட்டை வைத்தார்கள் என்று கேளுங்கள்; உங்கள் பேட்சு அதில் இருக்கிறதா என்று கேளுங்கள்" என்று எழுதியிருக்கிறேன். "கேட்டால் சொல்லுவார்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். ஒருவர் கேட்டால் சொல்லமாட்டார்கள். ஓர் ஊரே கேட்டால் சொல்லலாம். அரசாங்கம் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். வாரத்துக்கு இரண்டே இரண்டு எண்கள், வைத்த முட்டை, போன குஞ்சு. அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

கால்நடை மருத்துவம் பயிலும் நண்பர்களும், பொருளியல், புள்ளியியல் பயிலும் நண்பர்களும் இவ்வூரிலேயே இருக்கிறோம். விடுமுறைக்கு ஊர் போகும்போது, அவரவர் ஊரில் காலியாக நிற்கும் செட்டுகளை எண்ணி, எத்தனை நாளாகக் காலி என்று ஒரு தாளில் குறித்து வந்தால்கூட, நம்மிடம் ஒரு கணக்குச் சேரும். என் பாட்டி ஒரு கரித்துண்டோடு தொடங்கினாள். நம்மிடம் பேனா இருக்கிறதே!